ஆறரைக் கட்டையில் உறுமிய அறை: ஒரு வீட்டு ஸ்டுடியோவின் மானிட்டர் திருத்தம்

சென்னை சாலிகிராமத்தில் ஒரு வாடகை ஃப்ளாட். இரண்டு படுக்கையறைகளில் சின்னதை ஸ்டுடியோவாக மாற்றியிருந்தார் ஓர் இளம் இசையமைப்பாளர். பக்திப் பாடல் ஆல்பங்கள், குறும்படங்களுக்குப் பின்னணி இசை, நடுநடுவே மற்றவர்களுக்கு ரிதம் புரோகிராமிங் என்று பிழைப்பு ஓடுகிறது. அவருடைய புகார் இதுதான்: அறையில் உட்கார்ந்து கேட்கும்போது மிக்ஸ் கச்சிதமாக இருக்கிறது. அதையே காரில் போட்டால் கிக் டிரம் கதவை அதிரவைக்கிறது. பாடகரின் குரலோ தொண்டை வற்றிப்போனாற்போல் மெலிந்து கேட்கிறது. ஆல்பத்துக்குப் பணம் போட்டவர், "பாடினவருக்கு அன்னிக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேவிட்டாராம்.

அவரும் சும்மா இருக்கவில்லை. அறைத் திருத்த மென்பொருள் ஒன்றை வாங்கி, அதோடு வந்த மைக்கை வைத்து அளந்து, அது போட்டுக்கொடுத்த ஈக்யூவை (குறிப்பிட்ட அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரை) ஓட்டிப் பார்த்திருக்கிறார். நிலைமை இன்னும் மோசமானதுதான் மிச்சம். "அண்ணா, அஞ்சு இன்ச் ஸ்பீக்கர்தான் பிரச்சினை. எட்டு இன்ச் எடுத்துடலாம்னு இருக்கேன்" என்று போனில் சொன்னார். "கடைக்கு அப்புறம் போகலாம் தம்பி. முதல்ல ஒரு டேப்பை எடுத்து ரூமை அளந்து சொல்லுங்க" என்றேன்.

நீளம் 12 அடி, அகலம் 10 அடி, தரை டைல்ஸிலிருந்து மேல்தளம் வரை 9 அடி 8 அங்குலம். மீட்டரில் 3.66, 3.05, 2.95.

அறையின் கணக்கு

எதிரெதிரான இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒலி போய்வரும்போது, சில அதிர்வெண்களில் போகிற அலையும் வருகிற அலையும் சேர்ந்து நின்றுவிடும். இதைத்தான் ரூம் மோட் என்கிறோம். முதல் மோடைக் கண்டுபிடிக்க ஒலியின் வேகத்தைச் சுவர்களுக்கு இடையேயுள்ள தூரத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் போதும். ஏசி ஓடி 26 டிகிரியில் இருக்கும் அறையில் ஒலி விநாடிக்குச் சுமார் 347 மீட்டர் போகும். ஆக, நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ், அகலத்துக்கு 57, உயரத்துக்கு 59. இரண்டாவது மோட் இவற்றின் இரட்டிப்பு: 95, 114, 118.

அகலமும் உயரமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். 57க்குப் பக்கத்திலேயே 59. 114க்குப் பக்கத்திலேயே 118. இரண்டு மோடும் ஏறக்குறைய ஒரே இடத்தில் சேர்ந்து அடிக்கும். நம் ஊர் ஃப்ளாட்டுகளில் பத்தடி அகலப் படுக்கையறை சர்வசாதாரணம், தள உயரமும் பத்தடியை ஒட்டித்தான் இருக்கும். அதனால் இந்தக் கணக்கு சாலிகிராமத்தோடு முடிகிற சமாச்சாரம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. இணையத்தில் கிடைக்கும் ஹோம் ஸ்டுடியோ ஆலோசனைகளில் பெரும்பகுதி, மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த அமெரிக்க வீடுகளை மனதில் வைத்துச் சொல்லப்படுபவை. அந்தச் சுவர்கள் தாழ்ந்த ஒலிக்கு லேசாக அசைந்துகொடுத்துக் கொஞ்சத்தை விழுங்கும், கொஞ்சத்தை வெளியே விடும். செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் அசையாது. வந்ததை அப்படியே திருப்பி அனுப்பும். அதனால் மேடு இன்னும் உயரமாகவும், பள்ளம் இன்னும் ஆழமாகவும், ஒவ்வொரு மோடும் அடங்க எடுத்துக்கொள்ளும் நேரம் இன்னும் நீளமாகவும் இருக்கும். அங்கே ஒருவருக்குப் போதுமென்று பட்ட திருத்தம் இங்கே போதாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அறைக்குள் போய்ப் பார்த்தபோது மேசை நீளச் சுவரின் நடுவில், சுவரோடு ஒட்டி இருந்தது. மானிட்டர் ஸ்பீக்கர்கள் யமஹா ஹெச்எஸ்5. பத்தடி அகலத்தின் குறுக்கே எதிர்ச்சுவரைப் பார்த்து நின்றன. வலப்பக்கம் இரும்பு பீரோ, இடப்பக்கம் ஜன்னல், பின்னால் சுவரோரமாக ஒரு கட்டில். மேசைக்கு மேலே சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தார். முட்டை அட்டையைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். பேஸுக்கு அது இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

நாற்காலியில் உட்கார்ந்தால் அவருடைய காது முன்சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர். அகலம் 3.05 மீட்டர். அதாவது நட்ட நடு.

57 ஹெர்ட்ஸில் ஒரு நடை

மைக்கை எடுப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தோம். வீட்டு ஸ்டுடியோ வைத்திருக்கும் எவரும் காசு செலவில்லாமல் செய்யக்கூடியது. டோன் ஜெனரேட்டரில் 57 ஹெர்ட்ஸ் சைன் அலை (ஒரே அதிர்வெண் மட்டும் உள்ள ஒலி) போட்டு, மிதமான அளவில் ஓடவிட்டு, அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னேன். "ஓடுதா ணா?" என்று கேட்டார். கம்ப்யூட்டரையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில் மீட்டர் ஏறியிருந்தது. ஸ்பீக்கரில் பேஸ் ஒலிக்கும் கூம்பான ஊஃபர் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. அவர் காதில் ஒன்றும் விழவில்லை. எழுந்து பின்சுவர் பக்கமாக மெல்ல நடந்தார். கட்டிலை நெருங்க நெருங்க ஒரு முனகல் கிளம்பி, சுவரோரம் போய்த் தலையைச் சாய்த்தபோது நெஞ்சில் அடிக்கிற அளவுக்கு உறுமியது. திரும்பி நாற்காலிக்கு வந்தார், மறைந்துபோனது. மறுபடி போனார், மறுபடி வந்தார். அப்புறம் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "இத்தனை நாளா நான் பேஸே இல்லாத இடத்துல உக்காந்துதான் பேஸ் மிக்ஸ் பண்ணிட்டிருக்கேனா?" என்றார்.

ஒரு மோடின் முதல் வரிசையில் அழுத்தம் இரண்டு சுவர்களிலும் உச்சம், நடுவில் சூன்யம். அவர் காது அந்தச் சூன்யத்தில் இருந்தது. இரண்டாவது வரிசையில் கதை தலைகீழ்: இரண்டு சுவர்களிலும் உச்சம், நட்ட நடுவிலும் உச்சம். 114 ஹெர்ட்ஸ் போட்டுக் காட்டினேன். நாற்காலியில் இருந்தபடியே காதைப் பொத்திக்கொண்டார். பீரோவின் கைப்பிடி தானாகவே கிணுகிணுக்க ஆரம்பித்தது.

கிராஃப் சொன்னது

அளப்பதற்கு ஜான் முல்காஹி எழுதி இலவசமாகத் தரும் ரூம் ஈக்யூ விஸார்ட் மென்பொருள், மினிடிஎஸ்பியின் யூமிக்-1 மைக். இந்த மைக்கின் வரிசை எண்ணைக் கொடுத்தால் அதற்கென்றே உள்ள திருத்தக் கோப்பை இறக்கிக்கொள்ளலாம். அதை மென்பொருளில் ஏற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும். காது இருக்கும் இடத்தில் மைக், அவரை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டு, ஃபேனையும் ஏசியையும் நிறுத்திவிட்டு, 20 ஹெர்ட்ஸிலிருந்து மேலே ஏறும் ஸ்வீப். இடது தனியாக, வலது தனியாக, பிறகு இரண்டும் சேர்த்து. பீரோக் கைப்பிடி மறுபடி கிணுகிணுத்ததால் இடையில் ஒரு துணியைச் செருக வேண்டியிருந்தது. ஸ்வீப்பின் பெரிய பயன்களில் ஒன்று இது: அறையில் எதெல்லாம் கூடச் சேர்ந்து பாடுகிறது என்று வரிசையாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

கிராஃபில் 57ஐ ஒட்டி அக்கம்பக்கத்தைவிடப் பதினேழு டெசிபல் ஆழமான ஒரு பள்ளம். 114க்கும் 118க்கும் நடுவே பதினொரு டெசிபல் உயரமான ஒரு மேடு. அந்த மேட்டின் உச்சி 116க்குப் பக்கத்தில் இருந்தது. சுருதிப்பெட்டிக் கணக்கில் இது ஏ ஷார்ப், ஆறரைக் கட்டை. ஒரு கட்டையில் பாடும் ஆண் குரலுக்கு ஆதார ஸட்ஜம் 131 ஹெர்ட்ஸ் அருகே வரும். அங்கிருந்து ஒரு படி கீழே இறங்கிக் கைசிகி நிஷாதத்தைத் தொட்டால் அது 116.5. கரகரப்ரியாவோ ஹரிகாம்போதியோ, பாடகர் ஸட்ஜத்துக்குக் கீழே இறங்கும்போதெல்லாம் இந்த அறை அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் தூக்கிப் பிடித்திருக்கிறது.

இதன்பின் அவருடைய பழைய மிக்ஸ் ஒன்றின் புராஜெக்டைத் திறந்து பார்த்ததும் எல்லாம் பொருந்திவந்தது. குரல் டிராக்கில் 120ஐச் சுற்றி அகலமாக ஆறு டெசிபல் வெட்டியிருந்தார். மிருதங்கத்தின் தொப்பியிலும் அதே இடத்தில் வெட்டு. கிக்கில் 55ல் எட்டு டெசிபல் ஏற்றம். அவருடைய காது தப்பாக எதையும் சொல்லவில்லை. கேட்ட அதிகத்தைக் குறைத்திருக்கிறது, கேட்காததைக் கூட்டியிருக்கிறது. அறையின் குறையை அவர் பாட்டுக்குள் எழுதிவிட்டார், காரில் அது தலைகீழாக வெளிவந்தது.

திருத்த மென்பொருள் ஏன் கைகொடுக்கவில்லை என்பதும் இங்கேயே தெரிந்துவிட்டது. அது 57ல் பள்ளத்தைக் கண்டு பன்னிரண்டு டெசிபல் ஏற்றியிருந்தது. பன்னிரண்டு டெசிபல் என்றால் ஆம்ப்ளிஃபையரிடம் சுமார் பதினாறு மடங்கு பவர் கேட்பது. ஹெச்எஸ்5ல் ஊஃபருக்கு உள்ளது 45 வாட். யமஹாவே கொடுத்திருக்கும் கணக்குப்படி இந்த ஸ்பீக்கர் 74 ஹெர்ட்ஸிலேயே மூன்று டெசிபல் இறங்கி, 54ல் பத்து டெசிபல் இறங்கிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் பதினாறு மடங்கைக் கேட்டால், பின்பக்கத் துளையில் காற்று புஸ்ஸென்று சீறுவதுதான் மிஞ்சும். அதைவிடப் பெரிய சிக்கல், ஸ்பீக்கர் எவ்வளவு கூடுதலாகத் தள்ளினாலும் சுவரிலிருந்து திரும்பி வருவதும் அதே அளவு கூடும். இரண்டும் நடுவில் சந்தித்து ஒன்றையொன்று அழிப்பது அப்படியே தொடரும். நாற்காலியில் பள்ளம் பள்ளமாகவே இருக்க, கட்டில் பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவரும்தான் அந்தப் பன்னிரண்டு டெசிபலை அனுபவித்திருக்கின்றன.

மேசையைத் திருப்பியது

ஈக்யூவைத் தொடுவதற்கு முன் மேசையை நகர்த்த வேண்டும் என்றதும் தயங்கினார். பீரோவை எங்கே வைப்பது, கட்டில் எங்கே போகும் என்று வீட்டில் பேச்சு நடந்தது. ஒருவழியாகக் கட்டில் அடுத்த அறைக்குப் போனது, அதன் மெத்தை மட்டும் இங்கேயே தங்கியது. மேசை பத்தடிச் சுவருக்கு மாறியது. இப்போது ஸ்பீக்கர்கள் பன்னிரண்டடி நீளத்தைப் பார்த்து ஒலிக்கின்றன.

காதின் இடத்தை முன்சுவரிலிருந்து 1.39 மீட்டரில் வைத்தோம், அதாவது நீளத்தில் 38 சதவீதம். இந்த 38 என்ற எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. நீளவாக்கு மோடுகளின் முழு உச்சத்திலும் முழு சூன்யத்திலும் சிக்காமல் தப்பிக்கிற ஒரு தொடக்கப்புள்ளி, அவ்வளவுதான். அங்கிருந்து ஒரு சாண் முன்னும் பின்னும் நகர்த்தி அளந்து பார்த்தே முடிவெடுக்க வேண்டும். இங்கே 38லேயே நன்றாக அமைந்தது.

ஸ்பீக்கர்களைப் பக்கச் சுவர்களிலிருந்து 76 சென்டிமீட்டரில் நிறுத்தினோம். அறை அகலத்தில் சரியாகக் கால்பங்கு. இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அகலத்தின் இரண்டாவது மோட் 114ல் வருவது. அதன் சூன்யம் கால்பங்கிலும் முக்கால்பங்கிலும் விழும். சூன்யத்தில் நிற்கும் ஸ்பீக்கரால் அந்த மோடைத் தட்டி எழுப்ப முடியாது. காது இன்னமும் அகலத்தின் நடுவில், 114ன் உச்சத்தில்தான் இருக்கிறது. ஆனால் எழும்பாத மோட் எங்கே உட்கார்ந்தாலும் கேட்காது. ஒரு ரூபாய் செலவில்லாமல் ஒரு மேடு கழிந்தது.

அகலத்தின் முதல் மோடான 57க்கும் அவர் இன்னும் நடுவில்தானே இருக்கிறார் என்று யாராவது கேட்கலாம். உண்மைதான். ஆனால் இப்போது ஸ்பீக்கர்கள் அந்த அச்சில் இரண்டு பக்கமும் சமமாக நிற்கின்றன. இரண்டிலும் ஒரே பேஸ் ஒலிக்கும்போது ஒன்று எழுப்புவதை மற்றொன்று அடக்கிவிடும். நாற்காலிக்குப் பேஸைச் சுமந்துவருகிற வேலையை நீளவாக்கு மோடுகள் எடுத்துக்கொண்டன, அவற்றின் சூன்யத்தில் அவர் இல்லை.

முன்சுவரிலிருந்து ஸ்பீக்கரின் முகப்பு 30 சென்டிமீட்டர். சுவரைவிட்டு நன்றாக வெளியே இழுத்து வையுங்கள் என்று பலர் சொல்வார்கள். சின்ன அறையில் அதனால் சங்கடம்தான். ஸ்பீக்கருக்குப் பின்னால் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, நேராக வரும் ஒலியை ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அழிக்கும். முகப்புக்கும் சுவருக்கும் உள்ள தூரம் அலைநீளத்தில் கால்பங்காக இருக்கும்போது அது நடக்கும். 60 சென்டிமீட்டரில் வைத்தால் 145 ஹெர்ட்ஸில் குழி விழும், குரலின் வயிற்றிலேயே. 30ல் வைத்தால் குழி 290க்குத் தள்ளிப்போகும். அங்கே ஸ்பீக்கர் பின்பக்கமாக அனுப்பும் ஒலி குறைவு, ராக்வூல் என்ற ஒலி விழுங்கும் நார்ப்பலகையும் வேலை செய்யும். சுவரை நெருங்குவதால் பேஸ் மொத்தமாகக் கொஞ்சம் தூக்கும். அதற்கென்றே ஹெச்எஸ்5ன் பின்னால் ரூம் கன்ட்ரோல் என்ற சுவிட்ச் இருக்கிறது, 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே இரண்டு அல்லது நான்கு டெசிபல் குறைக்கும். இரண்டில் வைத்தோம். இதுவும் ஈக்யூதான். வாங்கிய நாளிலிருந்து பெட்டியிலேயே இருந்திருக்கிறது, அவர் தொட்டதே இல்லை.

பிறகு ராக்வூல் ஸ்லாப். ஏசி டக்ட் வேலை செய்கிறவர்கள் வாங்குகிற கடைகளில் கிடைக்கும். ஆசாரியிடம் சொல்லி மரச்சட்டம் அடித்து, காடாத்துணி சுற்றி, இரண்டு பக்கச் சுவர்களிலும் கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஸ்பீக்கர் தெரிகிற இடத்தில் ஒவ்வொன்று, பின் மூலைகளில் தடிமனாக இரண்டு. மெத்தையைப் பின்சுவரில் சாய்த்து நிறுத்தினோம். அழகாக இல்லை என்று வீட்டில் சொன்னார்களாம்.

மறுபடி ஸ்வீப். 57ன் பள்ளம் போய்விட்டது. அங்கே வளைவு ஸ்பீக்கரின் இயல்பான இறக்கத்தோடு சேர்ந்து இறங்கியது. 95ல் நாலைந்து டெசிபல் மேடு, 142ல் மூன்று. 117.5ல் மட்டும் எட்டு டெசிபல் மேடு அசையாமல் நின்றது.

ஈக்யூ

அந்த 117.5 உயரவாக்கு மோடின் இரண்டாவது வரிசை. தரைக்கும் மேல்தளத்துக்கும் நடுவே நிற்பது. அதன் உச்சம் தரையிலும், தளத்திலும், சரிபாதி உயரத்திலும் இருக்கும். ஸ்பீக்கரும் 1.2 மீட்டர் உயரத்தில், காதும் 1.2 மீட்டரில். இரண்டுமே பாதி உயரத்தை ஒட்டித்தான் இருக்கின்றன. நாற்காலியை எங்கே உருட்டினாலும் இது மாறாது. தளத்தில் தடிமனாக எதையாவது தொங்கவிடலாம். வாடகை வீட்டில், ஃபேன் சுற்றுகிற இடத்தில், அந்தப் பேச்சையே எடுக்க முடியவில்லை.

ஆனால் ஈக்யூவுக்கு இதைவிடத் தோதான ஆள் கிடைக்காது. மற்ற மோடுகளின் மேடு தலையை முன்பின் ஆட்டினால் மாறிவிடும். உட்கார்ந்து வேலை செய்கிறவரின் காது உயரமோ காலையிலும் மாலையிலும் ஒன்றே. அதோடு இது மேடு, பள்ளம் இல்லை. அறை கூட்டிக் கொடுப்பதை அதே அளவு, அதே அகலத்தில் குறைத்துக் கொடுத்தால் அங்கே அளவு சமமாவதோடு, அந்த ஸ்வரம் இழுத்துக்கொண்டே போவதும் குறையும். ஒரு தனி மோடின் மேடும் அதன் நீளமும் ஒரே விஷயத்தின் இரண்டு முகங்கள் என்பதால் இது நடக்கிறது. ஈக்யூ அளவை மட்டும்தான் மாற்றும், நேரத்தை மாற்றாது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை இந்த ஒரு இடத்தில் நான் ஏற்கமாட்டேன்.

க்யூ, அதாவது வெட்டு எவ்வளவு ஒல்லி என்பதைச் சொல்லும் எண், எவ்வளவு வைப்பது என்பதில் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. மென்பொருள் 13 என்று சொன்னது, ஒல்லியான வெட்டு. ஆனால் அவர் குரல் பதிவின்போது சத்தத்துக்காக ஏசியை நிறுத்துவார். சென்னை மதியத்தில் அரை மணி நேரத்தில் அந்த அறை 34 டிகிரிக்குப் போய்விடும். ஒலி வேகம் 347லிருந்து 352 ஆகும், 117.5ல் இருந்த மேடு 119க்கு மேல் நகர்ந்துவிடும். ஒல்லியான வெட்டு அப்போது மேட்டின் ஒரு தோளை வெட்டிவிட்டு மறு தோளை விட்டுவிடும். அதனால் க்யூவை 10க்கு இறக்கி, ஏழரை டெசிபல் குறைத்தோம். 95ல் நான்கு டெசிபல், க்யூ 6. 142ல் இரண்டரை, க்யூ 5. மூன்றோடு சரி. இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே மாதிரி. எங்கேயும் ஏற்றம் கிடையாது.

250க்கும் 400க்கும் இடையே சின்னச் சின்னக் குழிகள் இருந்தன. மைக்கை ஒரு சாண் நகர்த்தியதும் அவையும் நகர்ந்தன. மேசைப் பலகையில் பட்டு வருபவை. தொடவில்லை. அதற்கு மேலே மென்பொருளின் தானியங்கித் திருத்தம் இன்னும் இருபது ஃபில்டர் போடத் தயாராக இருந்தது. அதையும் விட்டுவிட்டோம். 33 கன மீட்டர் அறையில், ஒலி அடங்க 0.4 விநாடி ஆகும் என்று கொண்டால், சுமார் 220 ஹெர்ட்ஸுக்கு மேலே மோடுகள் தனித்தனியாக நிற்காமல் ஒன்றோடொன்று கலந்துவிடும். அங்கே காது ஸ்பீக்கரிலிருந்து நேராக வருவதை முதலில் எடுத்துக்கொள்கிறது, சுவரில் பட்டு வருவதை வேறு கணக்கில் வைக்கிறது. மைக்குக்கு அந்த வித்தியாசம் தெரியாது, எல்லாவற்றையும் கூட்டி ஒரே கோடாகப் போட்டுவிடும். 1970களில் பெரிய ஸ்டுடியோக்களே ஆக்டேவை (ஒரு ஸ்தாயியை) மூன்றாகப் பிரித்துக் கூட்டிக் குறைக்கும் கிராஃபிக் ஈக்யூவை வைத்துக் கன்ட்ரோல் ரூம்களை மேலிருந்து கீழ்வரை தட்டையாக்கிப் பார்த்தன. கிராஃப் ஒன்றாக இருந்த அறைகள் காதுக்கு ஒன்றாக இல்லை. நேராக வரும் ஒலி நன்றாக இருக்கிற ஸ்பீக்கரை, சுவரின் குற்றத்துக்காகத் தண்டித்தால் அப்படித்தான் ஆகும்.

அடுத்த கேள்வி, இந்த மூன்று ஃபில்டரையும் எங்கே போடுவது. அவர் முன்பு திருத்த பிளகினை மாஸ்டர் டிராக்கில் போட்டிருந்தார். ரெண்டர் செய்யும்போது, அதாவது பாட்டை இறுதிக் கோப்பாக எடுக்கும்போது, அணைக்க மறந்த பாடல் ஒன்று அந்த 57 ஹெர்ட்ஸ் ஏற்றத்தோடேயே வெளியாகியிருக்கிறது. காரில் கதவு இன்னும் பலமாக அதிர்ந்தது அதில்தான். அதற்குப் பிறகு, விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளை நிறுவியிருந்தார். யூடியூபில் அது வேலை செய்தது, அவர் மிக்ஸ் செய்யும் மென்பொருளான ரீப்பரில் செய்யவில்லை. ரீப்பர் ஆசியோ டிரைவர் வழியாக இன்டர்ஃபேஸோடு நேரடியாகப் பேசுகிறது, ஏபிஓ உட்கார்ந்திருக்கும் விண்டோஸ் பாதைக்கே வருவதில்லை. ஆக, பாட்டு கேட்கும்போது ஒரு அறை, மிக்ஸ் செய்யும்போது வேறொரு அறை என்று அவர் வாழ்ந்திருக்கிறார்.

ரீப்பரில் இதற்கென்றே மானிட்டரிங் எஃப்எக்ஸ் என்று ஓரிடம் உண்டு. மாஸ்டருக்கு அப்பால், ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் மட்டும் இருக்கும், ரெண்டரில் ஏறாது. அதுபோன்ற இன்னொரு மென்பொருளான க்யூபேஸ் ப்ரோ வைத்திருப்பவர்களுக்கு அதிலுள்ள கன்ட்ரோல் ரூம் என்ற வசதி அந்த வேலையைச் செய்யும். ரீப்பரின் சொந்த ஈக்யூ க்யூவைக் கேட்பதில்லை, அகலத்தை ஆக்டேவில் கேட்கும். க்யூ 10 என்றால் சுமார் 0.14 ஆக்டேவ், 6 என்றால் 0.24, 5 என்றால் 0.29. பத்தை அப்படியே தட்டிவிட்டால் பேஸ் முழுக்க வழித்தெடுத்துவிடும். எண்களைப் போட்டதும் ஸ்வீப் கோப்பை ரீப்பரிலேயே ஓட்டி, மைக்கில் பதிந்து, அதை மென்பொருளில் ஏற்றி மறுபடி பார்த்தோம். 117.5 அக்கம்பக்கத்தோடு ஒரு டெசிபலுக்குள் வந்துவிட்டது. முன்பு 0.4 விநாடி இழுத்த அந்த ஸ்வரம் கால் விநாடிக்குள் அடங்கியது. ஏபிஓவில் அதே மூன்று ஃபில்டரைப் போட்டுவைத்தோம், யூடியூபுக்காக. ஹெட்ஃபோன் போடும்போது இரண்டையும் அணைக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் திரைக்குக் கீழே சீட்டெழுதி ஒட்டினார்.

பிறகு

முதலில் அவருக்குப் பிடிக்கவில்லை. "என்னமோ வத்திப்போன மாதிரி இருக்குண்ணா." எதிர்பார்த்ததுதான். மேட்டை வெட்டினால் மொத்தச் சத்தமும் குறையும், சத்தம் குறைந்தது எதுவாக இருந்தாலும் காதுக்கு மட்டமாகத்தான் படும். ஈக்யூ இருக்கும்போதும் இல்லாதபோதும் அளவைச் சமப்படுத்திவிட்டுப் போட்டுக் காட்டியபோது கொஞ்சம் இறங்கிவந்தார். அவருக்கு நன்றாகத் தெரிந்த பழைய சினிமாப் பாடல்களை ஒரு வாரம் சும்மா கேட்கச் சொன்னேன், மிக்ஸ் எதுவும் தொடாமல். பல வருடம் 116ஐ அதிகமாகக் கேட்டுப் பழகிய காதுக்கு அவகாசம் வேண்டும்.

பழைய ஆல்பத்தின் ஒரு பாடலை மறுபடி மிக்ஸ் செய்தார். குரலில் 120ன் வெட்டு ஆறிலிருந்து ஒன்றரைக்கு வந்திருந்தது, நான் எதுவும் சொல்லாமலே. தொப்பியில் வெட்டே இல்லை. கிக்கின் ஏற்றத்தை எடுத்துவிட்டு வேறு சாம்பிள் தேடிக்கொண்டிருந்தார்; பழையது இப்போது சகிக்கவில்லையாம். காரில் குரல் நின்றது. கிக் இன்னும் கொஞ்சம் கூடுதல்தான் என்று எனக்குப் பட்டது, அவருக்கு அது போதும் என்று பட்டது. அது ரசனை, அறையின் பிரச்சினை இல்லை.

ஒரு சின்ன வினோதம் மிச்சமிருக்கிறது. பக்திப் பாடல் பாட வருகிறவர்களில் சிலர் நாற்காலியை மறுத்துத் தரையில் பாய் போட்டு உட்கார்ந்துதான் கேட்பார்கள். சம்மணமிட்டு உட்கார்ந்தால் காது தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில் இருக்கும். 2.95 மீட்டர் உயரத்தில் அது கால்பங்கு. உயரவாக்கு இரண்டாவது மோடின் சூன்யம் விழுகிற இடம். அங்கே 117.5 இயல்பாகவே கேட்காது, இப்போது ஈக்யூவும் சேர்ந்து ஏழரை டெசிபலைக் குறைத்துவிடுகிறது. ஒரு மூத்த பாடகர் பாயில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "தம்பி, என் குரல்ல கனமே இல்லையே" என்றாராம். இதற்காக ஈக்யூவை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வருகிறவர்களுக்காகப் பின்னால் ஒரு சோபா வாங்கிப் போட்டிருக்கிறார், உட்கார்ந்தால் காது 1.1 மீட்டருக்கு வருகிற உயரத்தில்.

எட்டு இன்ச் ஸ்பீக்கர் பேச்சு அத்தோடு நின்றது. 60க்குக் கீழே என்ன நடக்கிறது என்று இந்த ஐந்து இன்ச்சில் இன்னும் சரியாகத் தெரியாது. அந்த ஆக்டேவுக்கு ஹெட்ஃபோனையும் காரையும் வைத்துச் சமாளிக்கிறார். அதே அடுக்ககத்தில் கீழ்த்தளத்தில் இருக்கும் அவருடைய நண்பர், தானும் ஹெச்எஸ்5 வைத்திருப்பதால் அந்த மூன்று ஃபில்டரையும் அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறார். நண்பரின் அறை 14க்கு 11 அடி. 95ம் 142ம் அங்கே உதவாது. தள உயரம் மட்டும் எல்லா மாடியிலும் ஒன்றுதான், 117.5ஐப் போட்டு, அளந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.